சும்மாதான் கீறேன்

குடியாத்தத்தில் ஒரு தெரு. 2009 மே மாதத்து வெயில். கையில் கிளிப் அட்டை, அதில் ஒரு கணக்கெடுப்பின் பதினோரு பக்கப் படிவம். காட்பாடியிலிருந்து காலையில் முதல் பஸ் பிடித்து வந்திருந்தேன். ஒரு படிவம் முடித்தால் 40 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டாவது முடித்தால்தான் பஸ் சார்ஜ், சாப்பாடு போகக் கையில் ஏதாவது நிற்கும்.

ஏழாவது வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் முறம். அதில் ஒரு ஓரம் அளவாக வெட்டிய பீடி இலை, இன்னொரு ஓரம் தூள், நடுவில் நூல்கண்டு. பெயர், வயது, ரேஷன் கார்டு, கக்கூஸ் உண்டா இல்லையா, எல்லாம் கேட்டு முடித்துப் பதினான்காம் கேள்விக்கு வந்தேன்.

"நீங்க ஏதாவது வேலை செய்றீங்களாம்மா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. இலையில் தூளைப் பரப்பி, விரல்களால் ஒரு உருட்டு உருட்டி, வாய்ப்பக்கத்தை மடித்து அடைத்து, நூலால் சுற்றிப் பக்கத்தில் போட்டார். அப்புறம் சொன்னார்: "வேலை இன்னாம்மா வேலை. சும்மாதான் கீறேன்."

'வேலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். படிவத்தை முடித்து நான் எழுந்தபோது அவர் ஒரு கட்டு, அதாவது இருபத்தைந்து பீடி, முடித்து அடுத்த கட்டில் இருந்தார். அத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது. ஆனால் பார்த்ததை எழுத படிவத்தில் இடமில்லை. சொன்னதை மட்டும் எழுது என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அந்த மாதம் அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இதேபோல எத்தனை டிக் போட்டேன் என்று இப்போது நினைவில்லை. சாயங்காலம் சூப்பர்வைசர் என் படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "க்ளீனா இருக்கும்மா, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல" என்று பாராட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் என் அக்கா பையன். பெங்களூரில் டேட்டா அனலிஸ்ட். பொங்கலுக்கு வந்திருந்தபோது, "இப்ப என்ன ப்ராஜெக்ட் சித்தி?" என்று கேட்டான். பீடி சுற்றும் இருபத்திரண்டு பெண்கள், ஒவ்வொருவரிடமும் மூன்று நான்கு முறை உட்கார்ந்து பேசியிருக்கிறேன் என்றேன்.

"இருபத்திரண்டா? எங்க ஆபீஸ்ல ரெண்டு லட்சம் வரி டேட்டாவுக்குக் கீழ இருந்தா ஃபைலையே திறக்க மாட்டோம். நீ பண்றது ஆராய்ச்சி இல்ல சித்தி, அரட்டை."

கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான். பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் அரட்டை என்ற சொல் உறைத்தது. முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

புத்தகத்தில் இவற்றுக்கு நல்ல பெயர்கள் உண்டு: அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு. எங்கள் வட்டாரத்தில் குவான்ட், குவால். ஒன்று எத்தனை, எவ்வளவு என்று கேட்கும். இன்னொன்று எப்படி, ஏன், அதற்கு அவர்கள் மனதில் என்ன அர்த்தம் என்று கேட்கும். இரண்டும் இரண்டு கண்கள் என்று வகுப்பில் சொல்வார்கள். பட்ஜெட் போடும்போது ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி வாங்குவார்கள். குவான்ட்டுக்கு ஆறு மாதம். குவாலுக்கு, கடைசியில் நேரமிருந்தால் இரண்டு குழுக் கலந்துரையாடல். அப்புறம் அறிக்கையில் நடுநடுவே பெட்டி கட்டி ஒரு பெண் சொன்னதைச் சாய்வெழுத்தில் போடுவார்கள், ஆம்பூர் பிரியாணிக்கு ஓரத்தில் கத்திரிக்காய் வைக்கிற மாதிரி. (அந்தக் கத்திரிக்காய்க்காகவே கடைக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அது வேறு விஷயம்.)

அதே தெருவுக்கு 2011இல் மறுபடி போனேன். இந்த முறை படிவம் கிடையாது. அனுப்பி வைத்த பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "முதல் வாரம் எதையும் கேட்காதே. போய் உட்கார்."

உட்காருவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அட்டையும் படிவமும் கையில் இருந்தால் ஆபீஸ் ஆள் என்று ஒரு நாற்காலியாவது போடுவார்கள். வெறுங்கையோடு போய் நின்றால், யார் இவள், எதற்கு வந்தாள், குழு லோனா, கட்சியா, என்று தெருவே பார்க்கிறது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள், தெருவில் எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிற ஒரு மூதாட்டி, கத்தரியையும் ஒரு தகரத் துண்டையும் என் முன்னால் தள்ளினார். "கையி சும்மாதானே கீது? இலையை வெட்டு."

தகரத் துண்டுதான் அளவு. அதை இலைமேல் வைத்து ஓரத்தோடு ஓரமாக வெட்ட வேண்டும். நரம்பு தடித்து வரும் இடத்தை ஒதுக்க வேண்டும். இலையை முந்தின நாளே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருட்டும்போது பிளந்துவிடும். நான் வெட்டியதில் பாதியை ஆயா ஒரு வார்த்தை சொல்லாமல் ஓரம் தள்ளினார். கம்பெனியில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று எடை போட்டுக் கொடுப்பார்கள். கொடுக்கிற இலையில் ஓட்டையும் காய்ந்ததும் போக ஆயிரம் தேறாது. ஆனால் ஆயிரம் கொடுத்தாக வேண்டும். துண்டு விழுகிற இலையைக் கடையில் சொந்தக் காசு போட்டு வாங்குவார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் சிலதைக் கழித்துப் போடுவார்கள், அதற்கும் கூலி கிடையாது.

என் பழைய படிவத்தில் 'உங்கள் கூலி எவ்வளவு?' என்று ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கூலியை வாங்க நீங்கள் எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கலாம் என்பது, அதை வேலூரில் ஏசி அறையில் உட்கார்ந்து தயாரித்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இலை துண்டு விழும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

வெட்டிக்கொண்டே இருக்க, பேச்சு தானாக வந்தது. இரண்டு வாரத்தில் அந்தச் 'சும்மா'வுக்கு மூன்று உரை கிடைத்தது.

முதல் உரை ஆயாவுடையது. வேலை என்றால் காலையில் சோற்று டப்பா கட்டிக்கொண்டு வாசல் தாண்டிப் போவது. பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேன் ஏறுகிற பெண்கள்தான் 'வேலைக்குப் போறவங்க'. வீட்டில் இருந்தபடி, உலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, பேரனை ஒரு காலால் தடுத்துக்கொண்டு செய்வது அந்தக் கணக்கில் வராது. வாசல் கூட்டுவது, பாத்திரம் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒன்று.

இரண்டாவது, பக்கத்து வீட்டு அக்கா குரலை இறக்கிச் சொன்னது. "வருமானம் கீதுன்னு நீ எழுதிக்கினு போயி, எங்க மாமியா பென்சனை நிறுத்திட்டாங்கன்னா?" நீங்கள் தரும் தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று ஒவ்வொரு வீட்டிலும் மூச்சு விடாமல் வாசித்திருக்கிறேன். அதை அந்தத் தெருவில் ஒருத்தர்கூட நம்பியிருக்கவில்லை. சரி, அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

மூன்றாவது எதிர்வீடு. அங்கே ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆற்காட்டுப் பக்கம். பீடி சுற்றுகிற பெண் என்று காதில் விழுந்தால், இருமல் இருக்குமோ, நெஞ்சில் கோளாறு இருக்குமோ என்று கிளப்பிவிடுவார்கள். அதனால் அந்த வீட்டில் அம்மா சுற்றலாம், பொண்ணு 'சும்மா'. அந்தப் பொண்ணுதான் தெருவிலேயே வேகமான கை.

ஒரே கட்டத்தில் மூன்று டிக். ஒன்று சொல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பொருள், ஒன்று பயம், ஒன்று மானம். காகிதத்தில் மூன்றும் ஒன்றுதான். மாதிரியின் அளவை, அதாவது விசாரிக்கிற ஆட்களின் எண்ணிக்கையை, ஐந்நூறிலிருந்து ஐயாயிரமாக ஆக்கியிருந்தால், அதே தப்பை இன்னும் துல்லியமாகச் செய்திருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2009 படிவத்தில் 'கடந்த 7 நாட்களில்' என்று தொடங்கும் கேள்விகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. மாதிரிக் கணக்கெடுப்புகளில் வழக்கமான முறைதான் இது. பழைய விஷயம் மறந்துபோகும், போன வாரம் நினைவிருக்கும் என்ற நியாயம். நியாயம் சரிதான். நாங்கள் போனதோ கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம். வைகாசி முதல் தேதி சிரசு என்றால் குடியாத்தத்தில் அதற்கு முன்னும் பின்னும் யார் முறத்தைத் தொடுவார்கள்? வீடு முழுக்க ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள். பெண்கள் 'ஒண்ணும் செய்யல' என்று சொன்னது அட்சர சுத்தமான உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு வருஷம் முழுவதற்குமான சராசரியைப் போட்டோம். எங்களுக்கு ஆள் அனுப்பி யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

பீடிக் கணக்கை எழுதக் கம்பெனி தரும் பாஸ்புக்கின் கதை இதைவிட வேடிக்கை. கம்பெனிப் பதிவில் ஒரு பெயர், வீட்டில் சுற்றுவது மூன்று பேர். பாஸ்புக் மாமியார் பெயரில் இருக்கும், அவருக்குக் கண் தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்றால் 'ஐந்நூறு' என்று பதில் வரும். அந்த ஐந்நூறில் மருமகள் சுற்றியது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை வாய் மடக்கியது, வேலைக்குப் போகாமல் அன்று வீட்டில் இருந்த புருஷன் இலை வெட்டியது எல்லாம் அடக்கம். நாங்கள் அதை ஒரு தனி ஆளின் உழைப்பு என்று எழுதி, எட்டு மணி நேரத்தால் வகுத்தோம்.

நாங்கள்தான் இப்படி ஏமாந்தோம் என்றும் சொல்ல முடியாது. நாடு முழுக்கப் பெண்களின் வேலை எண்ணிக்கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை பற்றிய கேள்வியோடு, வயலிலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்ததும் சேர்த்து என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வால் சேர்த்தார்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 92 என்று ஒரு குறியீடு, வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவர். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தையல் என்று வீட்டுக்கு வேண்டியதையும் செய்கிறவர். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள இடுக்கில்தான் இந்தத் தெருவே உட்கார்ந்திருந்தது. கேள்வியில் அந்த ஒரு வால் சேர்வதற்கு முன்னால், எத்தனையோ பேர் எத்தனையோ திண்ணைகளில் உட்கார்ந்து காது கொடுத்திருக்க வேண்டும்.

காது கொடுப்பது பற்றி ஒரு சின்ன வெட்கக்கேடு. என் முதல் பேட்டிகளை ஒலிப்பதிவிலிருந்து எழுதியபோது, 'சும்மாதான் கீறேன்' என்பதை 'நான் வீட்டில்தான் இருக்கிறேன்' என்று திருத்தி எழுதினேன். எங்கள் வேலூர்த் தமிழை அறிக்கையில் வைக்கக் கூச்சம். சென்னையில் அதை ஆங்கிலத்துக்கு மாற்றிய ஒருவர் 'வேலையில்லாதவர்' என்று மாற்றினார். அடுத்தவர் அதைப் பட்டியலில் ஏற்றினார். மூன்று கை மாறியதில் ஒரு பீடித் தொழிலாளி வேலையில்லாதவர் ஆகிவிட்டார். மூலப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். அவர் 'சும்மா' என்று சொல்லும் இடத்துக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் கிரீச் கிரீச் என்று விடாமல் கேட்கிறது. அதற்கப்புறம் நான் எழுதும் பிரதிகளில் பின்னணிச் சத்தத்தையும் எழுதுகிறேன். 'கீறேன்' என்பதைத் தொடுவதே இல்லை.

காட்பாடியில் வளர்ந்தவர்களுக்குக் கரிகிரி ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. தொழுநோய் ஆஸ்பத்திரி. சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டில் கட்டுப்போட்ட கால்களைப் பார்த்து ஒதுங்கி நின்றிருக்கிறேன். அந்த நோயில் விரல்கள் ஏன் போகின்றன என்பதை எங்கள் ஊரில்தான் கண்டுபிடித்தார்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரியும். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு, வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்பதுதான் அன்றைக்கு உலகம் நம்பியது. அவர் நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். நெருப்பில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையால் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்தார். கை சுட்டதே அந்த முதியவருக்குத் தெரியவில்லை. வலி தெரியாததால்தான் காயம், காயத்தைக் கவனிக்காததால்தான் இழப்பு என்ற முடிவுக்கு மெல்ல வந்தார்கள். ஆனால் ஒன்று மட்டும் உதைத்தது: சிலருக்கு ராத்திரி தூங்கப் போகும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. இரவில் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி. கடிப்பது உறைக்காததால் தூங்குகிறவர் விழிப்பதில்லை. மருந்துச் சீட்டில் பூனை சேர்ந்தது. நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

எத்தனை பேருக்கு எத்தனை விரல் போயிருக்கிறது என்று மாகாணம் முழுக்க எண்ணியிருக்கலாம். வயதுவாரியாகப் பட்டியல் போட்டிருக்கலாம். அந்தப் பட்டியலில் எந்த மூலையிலும் எலி இருந்திருக்காது.

இதை என் அக்கா பையனிடம் சொன்னேன். "சரி, எலின்னு தெரிஞ்சப்புறம் எத்தனை எலின்னு எண்ணத்தானே வேணும்?" என்றான். பயல் கெட்டிக்காரன்.

எண்ணத்தான் வேண்டும். அதை மறுக்க எனக்கு உரிமையே இல்லை, ஏனென்றால் எண்ணாமல் போனதால் வந்த கேடும் எங்கள் ஜில்லாவில் உண்டு. வேலூரிலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் போனால் கணியம்பாடி வரும். அந்த ஒன்றியத்தில் நடக்கும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் சி.எம்.சி.யின் சமூக சுகாதாரத் துறை பல வருஷமாகப் பதிந்து வருகிறது. ஒரு சாவு நடந்தால், அந்தந்த ஊரிலேயே குடியிருக்கும் சுகாதாரப் பணியாளர் முதலில் விசாரிப்பார். அவர் அயலார் இல்லை. செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், எழவு வீட்டில் உட்கார்ந்தவர். அப்புறம் நர்ஸ், டாக்டர் என்று மேலும் விசாரிப்பார்கள். வெர்பல் அட்டாப்ஸி என்று பெயர். உடலை அறுக்காமல் பேச்சிலேயே சாவின் காரணத்தைத் தேடுவது. 1994 முதல் 1999 வரை இப்படி விசாரித்ததில் அந்த வட்டாரத்தில் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 95 என்று வந்தது. அப்போது தேசிய அளவில் அரசுக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது லட்சத்துக்குப் பதினொன்று அளவில். 2003இல் இது மருத்துவ இதழில் வந்தது.

வயிற்றுவலி, திடீர்னு மயக்கம், தவறி விழுந்துட்டாங்க. போலீஸ் வரும், ஊர் பேசும், தங்கைக்குக் கல்யாணம் ஆகாது என்று வீட்டில் சொல்கிற காரணங்கள். என் தெருவில் 'சும்மா' என்ற சொல் செய்த வேலையைத்தான் இங்கே 'வயித்துவலி' செய்தது. இதை உடைத்தது எண்ணும் முறை இல்லை, கேட்கிற ஆள். ஆனால் அந்த ஆள் கேட்டு வந்ததை ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று யாரோ உட்கார்ந்து எண்ணியதால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. கேட்டவர் கதையோடு நின்றிருந்தால், பாவம், என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே ஜில்லாவாக இருந்த பழைய வட ஆற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கு இந்த ஜில்லாமேல் அப்படியொரு காதல். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்து எழுத வைத்தபோது அதில் செய்யாற்றுப் பக்கத்துத் தூசி என்ற ஊரும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் குழு ஒன்று பசுமைப் புரட்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க இங்கே வந்தது. 1972–73இல் ஜில்லாவின் நெல் பரப்பில் 39 சதவீதம் புது ரகம் என்றது அரசுக் கணக்கு. குழு பன்னிரண்டு கிராமங்களில் வயல் வயலாகப் பார்த்ததில் கிடைத்தது 13 சதவீதம். இலக்கு நிர்ணயித்து மேலிருந்து கேட்டால், கீழே இருக்கிறவர் இலக்கைத்தான் எழுதித் தருவார். இதுவும் எண்ணிக்கைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையை எண்ணிக்கையே திருத்தியது. ஆனால் வரப்பில் நடந்து எண்ணிய எண்ணிக்கை.

அந்தக் குழுவில் ராபர்ட் சேம்பர்ஸ் என்று ஒருவர் இருந்தார். பின்னாளில் உலகம் முழுக்க நீண்ட படிவங்களின் பெரிய விமர்சகர் ஆனார். ஆய்வாளர்கள் தார் ரோட்டை விட்டு இறங்க மாட்டார்கள், மழைக்காலத்தில் வர மாட்டார்கள், ஊரில் வசதியானவரிடம்தான் பேசுவார்கள் என்று அவர் அடுக்கியதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 2009இல் நானும் பஸ் ரூட்டை ஒட்டிய தெருக்களைத்தான் முதலில் முடித்தேன். நாற்பது ரூபாய்க்கு வேறென்ன செய்வது.

இனி என் கட்சியின், அதாவது குவாலின், குறையையும் சொல்லிவிட வேண்டும். குடியாத்தத்திலேயே லுங்கி நெசவு பற்றி ஒருமுறை விசாரிக்கப் போனபோது ஒருவர் கிடைத்தார். என்ன ஒரு பேச்சு! நூல் விலை, பாவு ஓட்டுவது, பவர்லூம் வந்து தறி போன கதை எல்லாவற்றையும் கண்ணில் நீர் வரச் சொன்னார். இரண்டு நாள் அவரிடமே உட்கார்ந்து எழுதினேன். அறிக்கையில் முக்கால்வாசி மேற்கோள் அவருடையது. கடைசி நாள் தெருமுனையில் ஒரு பாட்டி கேட்டார்: "அவங்கிட்டயா பேசினே? அவன் தறியில உக்காந்து இருபது வருசம் ஆச்சே. புரோக்கர் ஆச்சே அவன்." பேசத் தெரிந்தவர் பேசுகிறார், பேசாதவர் தறியில் இருக்கிறார். எண்ணிக்கையில் இந்த ஆபத்துக் குறைவு. அங்கே எல்லோருக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். அந்த அறிக்கையைத் திருப்பி எழுதினேன். அவர் பேச்சை எடுத்துவிட மனம் வரவில்லை, புரோக்கர் சொன்னது என்று போட்டு வைத்துக்கொண்டேன். தரகர் எப்படித் துக்கம் பேசுகிறார் என்பதும் ஒரு தகவல்தானே.

அரட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அரட்டையில் நமக்குப் பிடித்ததைச் சொல்கிறவரோடு நிறுத்திவிடலாம். இங்கே நம் முடிவை உடைக்கக்கூடிய ஆளைத் தேடிப் போக வேண்டும். இந்த இருபத்திரண்டு பேர் விஷயத்தில், பதினாறாவது வீட்டோடு எனக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. அதே மூன்று உரைதான். சரி, முடிந்தது என்று மூட்டை கட்டியிருக்கலாம். பத்தொன்பதாவது வீட்டில் ஒரு அக்கா, நான் கேட்பதற்கு முன்னாலேயே, "நான் பீடித் தொழிலாளி" என்றார். சும்மாவும் இல்லை, கிம்மாவும் இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து வந்து காட்டினார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்கு மேல் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர், கூலி உயர்வுக்காக வேலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர். அதே முறம், அதே இலை, அதே ஏஜென்ட். சொல் மட்டும் வேறு. அதற்கப்புறம் முதல் பதினெட்டுப் பேட்டியையும் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். யார் வாயில் அது 'வேலை', யார் வாயில் 'சும்மா', அந்தச் சொல் யாருக்கு எப்போது மாறியது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், நாங்களும் காட்டுவோம். எங்கள் அம்மா விறகடுப்பில் ஆக்கினவர், அவர் ஒரு சோறு எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை. கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டி, அடியிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுப்பார். பதத்துக்கு அது போதும். அடிப்பிடித்த வாடை வந்தால் அப்புறம் சோற்றை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அடுப்பைக் குனிந்து பார்ப்பார்.

பேராசிரியர் 2011இல் எங்கள் குறிப்புகளை வைத்துக்கொண்டு படிவத்தை மாற்றினார். பதினான்காம் கேள்வி போனது. அதற்குப் பதிலாக, "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் இன்னா இன்னா செஞ்சீங்க?" என்று வந்தது. அப்புறம், "வீட்டுக்கு இலை வருதா? யார் யார் கை வைப்பாங்க?" என்று இரண்டு. கூலிக்குப் பக்கத்தில் இலைச் செலவுக்கு ஒரு கட்டம். பாஸ்புக் யார் பெயரில் என்று ஒரு கட்டம். ஒரு படிவத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆனது. கணக்கெடுக்கும் பெண்கள் முணுமுணுத்தார்கள். அதே தெருவில் 'வேலை இல்லை' என்ற கட்டம் கிட்டத்தட்டக் காலியாக வந்தது. அதைப் பார்த்த ஒரு அதிகாரி, "ரெண்டு வருஷத்துல இவ்ளோ வேலைவாய்ப்பா?" என்று ஆச்சரியப்பட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு வாரத்தின் கடைசி நாள் ஆயாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பப் போனேன். உட்காரச் சொன்னார். இத்தனை நாளில் அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

"ஆமா, நீ இன்னா வேலைம்மா செய்றே?"

"இதான் ஆயா. வருவேன், உட்காருவேன், நீங்க பேசறதைக் கேப்பேன், ராத்திரி எழுதி வைப்பேன்."

"அதுக்குச் சம்பளம் தராங்களா?"

"தராங்க."

சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருந்தார். நூலை அறுத்துப் போட்டுவிட்டு, "அப்ப நீயும் சும்மாதான் கீறேன்னு சொல்லு" என்றார். முறத்தை என் பக்கம் தள்ளினார். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நான் சுற்றிய முதல் நான்கையும் பிரித்துத் தூளைக் கொட்டிக்கொண்டு, ஐந்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டில் சேர்த்தார்.